வீட்டு மரத்துப் பழம்

நேற்று ஜீப்பில் ஏறப்போகும்போது எங்கள் வாசல் மாதுளையைப் பார்த்து என்ன ரகம் என்று கேட்டீர்கள். உள்ளே மருமகள் ரம்யா அழுதுகொண்டிருந்த சத்தத்தில் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். கணேஷ் ரகம், மேடம். குவார்ட்டர்ஸில் ஒரு கன்று வைக்கிற எண்ணம் இருந்தால் அதையே வையுங்கள். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் காலை பஸ்ஸில் அரிமளம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். என் மனைவி பிரகதாம்பாள் செத்துப்போனதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் மரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாதுளை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பகவாவைத்தான் கேட்பார்கள். கடையில் சிவந்து பளபளவென்று அடுக்கியிருக்குமே, அதுதான். ஆனால் அது தோப்புக்காரர்களுக்கு ஏற்ற ரகம். ஆள் வைத்து மருந்தடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பழத்தைப் புழு கொண்டுபோய்விடும். நாட்டு மாதுளை நம் ஊர்ச் செம்மண்ணில் தண்ணீர் காட்டாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது, ஆனால் விதை பல்லை உடைக்கும், சாறும் புளிப்பு. மிருதுளாவில் முத்து நல்ல சிவப்பு, பழம்தான் சிறிசு. கணேஷில் முத்து வெளிறினாற்போல இருக்கும், பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் விதை மெத்தென்று இருக்கும், தித்திப்பு, சாறும் நிறைய. கடைவாய்ப் பல் இல்லாதவர்கள்கூட மென்று விழுங்கிவிடலாம். பிரகதாம்பாளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுமே மிச்சமில்லை.

அவளுக்கு வெகுநாள் சர்க்கரை. அது சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரம் மூன்று தடவை புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். காலமெல்லாம் நின்றுகொண்டே போனவனுக்கு, இனிச் செத்தாலும் பஸ் ஏறக்கூடாது என்று ஒரு வைராக்கியம் இருந்தது. ரிட்டயர் ஆன சில மாதத்திலேயே மறுபடி பஸ். விடிந்தும் விடியாமலும் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் மதியம் வரைக்கும் உட்கார்ந்து, குளிரில் நடுங்குகிறவளுக்குப் போர்த்திவிட்டு, இரண்டு இட்லி ஊட்டி, திரும்ப ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஒருநாள் விட்டு மறுபடி அதே பஸ், அதே வராந்தா. மகன் அருண்குமார் சிங்கப்பூரில் இருக்கிறான். ரம்யாவுக்குக் கைக்குழந்தை. வேறு யார் போவது?

சலிப்பு என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். அவள் மேல் எனக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. களைத்துப்போனவள் அவள்தான். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

எதைச் சாப்பிடலாம், எது ஆகாது என்று சொல்கிற பெண் ஒருநாள் என்னை வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது. பிரகதாம்பாள் உள்ளே மிஷினில் இருந்தாள்.

“ஐயா, ஒடம்புல பொட்டாசியம் ஏறுச்சுன்னா நெஞ்சு பொசுக்குன்னு நின்னுரும். மிஷின்தான் அதக் கழிச்சு விடுது. எளநி, வாழப்பழம், மாதுள, இதெல்லாம் வீட்டுக்குள்ளயே விட்றாதீங்க.”

“சரிம்மா” என்றேன். எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரியவில்லை என்று இங்கே நான் சொன்னால் நீங்கள்கூட நம்பிவிடலாம், ஆனால் அது பொய்.

நம் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்களே. இரத்தக் குறைவு என்று காதில் விழுந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு கிலோ மாதுளை. ‘ரத்தம் ஊறும்’ என்று சொல்லித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அவளுடைய தம்பி திருப்பதி ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். நான் அதைத் தொடவிடாமல் எடுத்து வைத்ததும் அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. டாக்டர் மாதுளை கூடாதென்றார் என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். பெண்டாட்டிக்குப் பழம் கொடுக்க மனசில்லாதவன் என்பார்கள். அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கடப் பழம் ஆகாதாம் மாப்ள. மருந்தா அடிக்கிறானுக.”

அவன் அந்த நிமிஷமே தலையாட்டினான். “ஆமா மச்சான், இப்ப எல்லாத்துலயும் வெசந்தான். அப்ப வீட்லயே ஒரு கன்ன வச்சு விடுங்க. நம்ம மரத்துப் பழம் என்ன செஞ்சிறப் போகுது?”

ஆக, கன்று வைக்கிற யோசனையே திருப்பதியுடையது. ரம்யா மேல் உங்களிடம் புகார் கொடுத்தவனும் அவன்தான், எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் அவன் பேச்சைக் கேட்டதுதான். ஒரு உபசாரத்துக்காகச் சொன்ன பொய்யை வீடு முழுக்க நம்பிவிட்டது. கடைப் பழம் ஆகாது, வீட்டுப் பழம் ஆகும் என்று ஒரு சட்டமே ஏற்பட்டுப்போனது. நான் அதைத் திருத்தவில்லை.

வல்லத்திராக்கோட்டை ரோட்டில் சந்தனம் என்று ஒருவர் நாற்றுப் பண்ணை போட்டிருக்கிறார். அவரிடம் போனேன்.

“விக்கிறதுக்கா, வீட்டுக்கா கண்டக்டரய்யா?”

“வீட்டுக்குத்தான். சாப்புடுறவுகளுக்குப் பல்லு இல்ல.”

“அப்பக் கணேசக் கொண்டு போங்க. பதியன் போட்ட கன்னு, ரெண்டாம் வருசமே காய்க்கும்.”

கன்று வைக்கும்போது என் மனதில் அந்த எண்ணம் இல்லை என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போதுகூட அப்படிச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆனால் ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதைக் கேட்டது முதலில், கன்று வாங்கியது பிறகு. அந்த வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை.

கன்றை நன்றாகத்தான் வளர்த்தேன். முதல் வருஷத்துப் பூவையெல்லாம் கிள்ளிப் போட்டேன், மரம் தேறட்டும் என்று. இரண்டாம் வருஷம் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஆனி பிறந்ததும் எருவும் தண்ணீரும் கொடுத்தேன். அப்படி வாடவிட்டுத் தண்ணீர் கொடுத்தால் மரம் ஒரே மூச்சில் பூக்கும், பழம் கார்த்திகைக்குக் கைக்கு வரும். பிரகதாம்பாளுக்கு அது பொறுக்கவில்லை. சாயந்தரமானால் நாற்காலியைப் போட்டு மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

“ஏங்க, எலையெல்லாம் சுருளுது. ஒரு கொடம் ஊத்துனா என்ன? பாவமா இருக்குங்க.”

“வாடுனாத்தான் பூக்கும். நீ பேசாம இரு” என்றேன்.

கார்த்திகையை ஏன் குறிவைத்தேன் என்று கேட்பீர்கள். கார்த்திகை மழை மாதம். மழையில் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாமல் போனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

காய் பிடித்ததும் அவளுடைய பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து ஒவ்வொரு காய்க்கும் துணி கட்டினேன். அணில் கடிக்காது, புழு இறங்காது. அவள்தான் முடிச்சுப் போட்டுத் தந்தாள். எங்கள் வாழ்க்கையில் அந்தச் சாயந்தரங்கள் நன்றாக இருந்தன, மேடம். சந்தோஷமாக இருந்தோம் என்றே சொல்வேன்.

முதல் பழத்தை அறுத்தபோது ரம்யா தயங்கினாள். “ஆஸ்பத்திரியில ஒரு வார்த்த கேட்டுக்குவமா மாமா?” என்றாள்.

“கேட்டாச்சும்மா. நம்ம மரந்தானே, தாராளமாக் குடுக்கலாமுன்னுட்டாங்க.”

அதற்குப் பிறகு ரம்யா ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. தினமும் காலையில் முத்தை உதிர்த்து, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்து, ஒரு தம்ளர் அத்தைக்குக் கொடுப்பாள். குழந்தை அழுதாலும் அதை முடித்துவிட்டுத்தான் போய்த் தூக்குவாள். ஒருநாள் துளி சீனி போடட்டுமா என்று கேட்டாள். சர்க்கரைக்காரிக்குச் சீனி போடலாமா என்று நான் சத்தம் போட்டேன். அன்றைக்கு முழுவதும் அவள் என் முகத்தைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பொட்டாசியம் கூடியிருக்கிறதே, என்ன சாப்பிட்டார்கள் என்று நர்ஸ் கேட்டது. வீட்டில் கீரையை வடிக்காமல் செய்துவிட்டார்கள், இனிப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் அங்கே எல்லோருக்கும் பழகிய ஆள். பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்கிற மனுஷன் யார் இருக்கிறார் என்று என் காதுபடவே சொல்வார்கள். அதில் தப்பும் இல்லை.

பிறகு அந்த மழை பிடித்தது. கண்மாய் நிறைந்து ரோட்டில் தண்ணீர் ஓடியது வாஸ்தவம், ஆனால் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் மெயின்ரோடு வரைக்கும் போய் நின்று பார்த்தேன். பஸ் வந்தது, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து, பஸ் இல்லை என்றேன். பஸ் விஷயத்தில் எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அன்றைக்கும் மறுநாளும், உடம்பு தெம்பாக இருக்கட்டும், இரண்டு தம்ளராகக் கொடு என்று ரம்யாவிடம் சொன்னேன். அவளும் கொடுத்தாள்.

அந்த இரண்டாம் நாள் மதியம் பிரகதாம்பாள் கை கால் மரமரவென்று இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது ரம்யாதான். நான் போடவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதும் ரம்யா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். மாதுளையா, யார் கொடுக்கச் சொன்னது என்று அவர் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து பிரகதாம்பாளின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்காததால் திருப்பதி அவளைப் பிடித்துக்கொண்டான். மாமியாரைப் பார்க்க முடியாமல் தீர்த்துக்கட்டிவிட்டாள் என்று பந்தலிலேயே கத்தினான். சிங்கப்பூரிலிருந்து வந்த அருண்குமார் இன்று வரைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தையை அவள் கையில் கொடுக்கவே யோசிக்கிறான். நீங்கள் நேற்று கேட்டபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் போன பிறகு ரம்யா வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க கேட்டாச்சுன்னுதான் சொன்னீங்க. ஆனா நானும் ஒருவாட்டி கேட்டிருக்கணும் மாமா. அத்தைய நானே கொன்னுட்டேன். என்னய மன்னிச்சிருங்க” என்றாள். எழுந்திரும்மா, நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். படுத்தபிறகுதான் உறைத்தது. என்னதான் இருந்தாலும் அது முறையில்லை. அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பழம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்தேதான் கொடுக்கவைத்தேன். தெரிந்தேதான் மிஷினுக்குப் போகவிடாமல் நிறுத்திவைத்தேன். பிரகதாம்பாளைக் கொன்றது நான், மேடம்.

அந்தம்மா சாக வேண்டும் என்று உங்களிடம் எப்போதாவது கேட்டார்களா என்கிறீர்கள். வாய்விட்டுக் கேட்டதில்லை. தை மாதம் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அதற்கு என்ன புடவை கட்டுவது என்றெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ஆசை இருக்கத்தான் செய்யும், உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே. ஊசி குத்திக் குத்தி அந்தக் கை கன்றிப்போய்க் கிடந்ததை நீங்கள் பார்த்திருந்தால் புரிந்துகொள்வீர்கள்.

பஸ் இல்லை என்று நான் வந்து சொன்ன காலையில், அவள் தலை வாரி, பொட்டு வைத்து, போர்வையும் தம்ளரும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பஸ் இல்லாட்டி ஆட்டோ சொல்லுங்க. ஒரு தடவ விட்டாலும் எனக்குப் பயமா இருக்கு. நான் இன்னும் கொஞ்ச காலம் இருக்கணுங்க.”

மழை விடட்டும் என்று சொல்லிப் பையை வாங்கி ஆணியில் மாட்டினேன். வாய் என்னவாவது சொல்லும், மேடம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியாதா? எனக்குப் போதும், என்னை விட்டுவிடுங்கள் என்றுதான் அவள் மனசு சொன்னது. எனக்கு அது நன்றாகக் கேட்டது.