இரண்டாவது பிரேக்

— மெதுவா, மெதுவா! முன்னாடி லாரி நிக்குது!

— அது தெருக்கோடியில நிக்குதுங்க. அதுக்குள்ள ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?

— நான் எங்க கத்தினேன்? ஐயையோ! பாத்தியா, நடுரோட்டுல டக்குனு நிறுத்திட்ட. இதுக்குத்தான் சொன்னா கேளுன்னு அடிச்சுக்கிட்டேன். டிரைவிங் ஸ்கூலுக்கு இன்னும் கொஞ்ச நாள் லீவு சொல்லிடு.

— நல்லவேளை, ரோடு காலி. லீவெல்லாம் கிடையாதுங்க, திங்கக்கிழமை நான் கிளாஸ் எடுக்கிறேன்.

— இந்தப் பயத்தை வச்சுக்கிட்டு அடுத்தவங்களுக்கு என்னத்தக் கத்துக்கொடுப்ப? அன்னிக்கு நம்ம வண்டியை லாரி இடிச்சப்ப நானும்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்கென்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்.

— எனக்கு ஹாரன் சத்தம் கேட்டாலே கை உதறுச்சு. கவுன்சிலிங்ல அந்த அம்மா சொன்னாங்க, ஆபத்து முடிஞ்சுபோச்சுன்னு மனசுக்குத் தெரிஞ்சாலும் உடம்பு லேசுல நம்பாதாம். திட்டாம, கொஞ்சம் கொஞ்சமா நம்ப வைக்கணுமாம். முதல்ல நின்ன வண்டியில சும்மா உக்காந்தேன். அப்புறம் நம்ம தெரு. இப்ப இங்க.

— அப்புறம் ஏன் லாரியைப் பாத்ததும் உன் கால் பிரேக்குக்குப் போச்சு?

— என் கால் போகவே இல்லைங்க.

— பின்ன, வண்டி தானா நின்னுச்சா, டீச்சரம்மா?

— இது ஸ்கூல் வண்டி. நீங்க உக்காந்திருக்கிறது கிளாஸ் எடுக்கும்போது நான் உக்கார்ற சீட்டு. அங்கயும் ஒரு பிரேக் உண்டு. குனிஞ்சு பாருங்க.

— அட! இது எப்ப... சத்தியமா எனக்குத் தெரியலடி.

— அழுத்தின காலை இன்னும் எடுக்கல நீங்க. தூக்கத்துலயும் அதே கால்தான் என்னை உதைக்குது. வாசல்ல லாரி போனா சோத்துத் தட்டை வச்சுட்டு எழுந்து நிக்கிறீங்க. எனக்கு வந்தா பயம், உங்களுக்கு வந்தா மட்டும் ஜாக்கிரதையா?

— கிண்டல் பண்ணாத. கால் நடுங்குதும்மா.

— நடுங்கட்டும், தப்பில்ல. மூச்சை மெதுவா விடுங்க. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, சரியாச்சு. உங்களுக்கும் ஆகும். ம், எடுங்க காலை. அவ்வளவுதான். பாத்தீங்களா, வண்டி எவ்வளவு நல்லாப் போகுது!

— போகுது, போகுது. ஏய், வீடு அந்தப் பக்கம். இது உன் கவுன்சிலிங் தெருவாச்சே? உனக்குத்தான் போன வாரத்தோட முடிஞ்சுபோச்சே!

— எனக்கு முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கேன். வேண்டாம்னா பிரேக் உங்க காலடியிலதான் இருக்கு.

— ...ஓட்டும்மா.