கிரகப்பிரவேசத்துக்கு வந்த கன்னுக்குட்டி

...பசு நமக்குத் தாய், பசு நமக்குத் தெய்வம்னு இவ்வளவு நேரம் எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாரும் சொன்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நல்லது. இப்ப கையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கிட்டு நான் சொல்ற கதையைக் கேளுங்க. பெருசு இல்ல. காபி ஆறதுக்குள்ள முடிஞ்சுடும்.

திருச்சியில சிதம்பரநாதன்னு ஒருத்தர். பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவர். பக்தின்னா அப்படி ஒரு பக்தி. ரோட்டுல மாடு போனா ஸ்கூட்டரை நிறுத்தி, செருப்பைக் கழட்டி, அதோட முதுகைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவார். பின்னாடி வர்ற பஸ்காரன் ஹாரன் அடிச்சா, திரும்பி ஒரு முறை முறைப்பார் பாருங்க... அவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

அவருக்குப் பால் ஊத்தறவர் மாயழகு. ரெண்டு மாடு வெச்சிருக்கார். அதுல ஒண்ணு கன்னு போட்டுச்சு. சேதி கேட்டதும் நம்ம சிதம்பரநாதன் தூக்குவாளியோட கொட்டகை வாசல்ல வந்து நிக்கறார். எதுக்கு? சீம்பாலுக்கு! வெல்லம் தட்டிப் போட்டு, ஏலக்காய் போட்டு, அவிச்சு எடுத்தா... ஆகா, இங்கேயே நாலு பேர் எச்சி முழுங்கறது எனக்குத் தெரியுது.

மாயழகு தயங்கினார். கன்னு கொஞ்சம் நோஞ்சானா இருக்கு, மொத மூணு நாள் பாலு அதுக்குத்தான் மருந்து, அது குடிச்சு மிச்சம் இருந்தா தர்றேன்னார். சிதம்பரநாதன் கேட்டார், "காளைக் கன்னுதானேப்பா? அது வளர்ந்து என்னத்தைக் கறக்கப் போகுது?"

எப்படி இருக்கு கேள்வி? தெய்வத்தோட புள்ளையைப் பத்தி ஒரு பக்தர் கேட்ட கேள்வி!

மாயழகு மறுத்துப் பேசலை. வருஷக்கணக்கா பால் வாங்கற மனுஷன். மூணு நாளும் தூக்குவாளி நிறைஞ்சுது. பன்னெண்டாம் நாள் கன்னு செத்துப் போச்சு. கன்னு இல்லாம மாடு பால் இறக்குமா? இறக்காது. அதனால மாயழகு என்ன பண்ணார்? செத்த கன்னோட தோலை உரிச்சு, காய வெச்சு, உள்ளே வைக்கோலைத் திணிச்சு, தெச்சு, தாய்க்கு முன்னாடி கொண்டாந்து நிறுத்தினார். தாய் அதை நக்கிக் கொடுத்துச்சு. நக்க நக்கப் பால் சுரந்துச்சு. மாயழகு கறந்தார். சிதம்பரநாதன் குடிச்சார். நல்லாத்தானே போச்சு?

அடுத்த மாசம் சிதம்பரநாதன் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஐயர் கண்டிப்பா சொல்லிட்டார், பசு மட்டும் வந்தா போதாது, கன்னோட வரணும்னு. உடனே மாயழகுக்கு போன்.

"கன்னு இருக்குங்க சார்... ஆனா அது அசையாது."

"அசையாட்டி ரொம்ப நல்லது. புது மார்பிள் பாரு, குதிச்சு அழுக்காக்கிடப் போவுதேன்னு கவலைப்பட்டேன்."

விடிஞ்சும் விடியாம மாயழகு மாட்டை ஓட்டிட்டு வந்தார். கன்னைத் துண்டு போர்த்தி இடுப்புல தூக்கிட்டு வந்தார். சிதம்பரநாதன் ஒரு பிளாஸ்டிக் வாளியோட மாட்டுக்குப் பின்னாடியே நடக்கறார். சாணம் லட்சுமிதான்... ஆனா மார்பிள்ல விழுந்தா கறை போகாதே! பூஜை நடந்துச்சு. கன்னு நெத்தியில குங்குமம். கழுத்துல மாலை. போட்டோக்காரர் நிமிர்ந்து பார்க்கச் சொல்றார், அது பார்த்தபடியே நிக்குது. வந்தவங்க எல்லாம் என்ன சாதுவான கன்னுன்னு மெச்சிக்கறாங்க. வீட்டம்மா விசாலம் ஆசையா ஒரு வாழைப்பழத்தை உரிச்சு அது வாயில வெச்சாங்க. திங்கலை. லேசா அழுத்தினாங்க. கன்னு சாய்ஞ்சுது. வயித்துத் தையல் விட்டு வைக்கோல் வெளியே வந்துச்சு...

சிதம்பரநாதன் வாளியைக் கீழே போட்டுட்டுக் கத்தினார். "ஏன்யா, என் புது வீட்டுக்குள்ள பொணத்தையா தூக்கிட்டு வந்தே?"

மாயழகு கையைக் கட்டிக்கிட்டுத்தான் பேசினார். "சார், சீம்பால் கன்னுக்கு வேணும்னு சொன்னேன். நீங்க காதுல வாங்கலை. தெரிஞ்சே நானும் கறந்து கொடுத்தேன். இந்தப் பாவத்துல பாதி என்னுது சார், இல்லேன்னு சொல்லலை. மீதியை நீங்க வெல்லம் போட்டுச் சாப்பிட்டீங்க."

ஆனா அந்தத் தாய் இருக்கே... அதுக்கு இது எதுவும் தெரியாது. கீழே சாய்ஞ்சு கிடந்த வைக்கோல் கன்னை நக்கிக்கிட்டே இருந்துச்சு. நக்க நக்க மடி சுரந்து, பால் தானா மார்பிள்ல சொட்ட ஆரம்பிச்சுது. அப்ப ஒரு குரல் வந்துச்சு. யாரோடதுன்னு நினைக்கறீங்க? சிதம்பரநாதனோடது.

"விசாலம், பாத்திரத்தைக் கொண்டா. பால் காய்ச்சணும், நல்ல நேரம் போகுது."

காய்ச்சினாங்க. பொங்குச்சு. கை தட்டினாங்க. எல்லாருக்கும் காபி கொடுத்தாங்க.

ஏங்க, சிரிக்கறீங்களே... அந்தக் காபியைக் குடிச்சது யாரு? நான் குடிச்சேன். அந்த வீட்டுக்குப் பத்திரிகை வெச்சு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

பால் குடிக்காதீங்கன்னு சொல்ல நான் யாரு? மாயழகு மேல பழியைப் போட்டுட்டு எழுந்து போயிடவும் முடியாது. நாம கேட்டதைத்தான் அவர் கறந்தார். பாக்கெட் பால் வாங்கறவங்க, நமக்கு இதுல சம்பந்தமில்லைன்னு சாய்ஞ்சு உக்காராதீங்க. அந்தப் பாலும் ஒரு தாய் தன் புள்ளைக்குன்னு சுரந்ததுதான். தாய்னு கும்பிடறோம் இல்லையா? ஒரு தாயைப் பார்த்தா மனுஷன் மொதல்ல என்னங்க கேப்பான்? அவ உடம்பு எப்படிங்கறதெல்லாம் அப்புறம்... புள்ளை எப்படி இருக்குன்னுதானே கேப்பான்? நாளைக்குக் காலையில பால் வாங்கும்போது அதைக் கேளுங்க. பால் கொடுக்கறவங்க பதில் சொல்றவரைக்கும் பாத்திரத்தை நீட்டாதீங்க.