அண்ணன் துப்பாக்கிக்குப் பூட்டு இல்லை

இந்த டீயில் இஞ்சி தட்டிப் போட்டவன் நல்ல மனுஷன், சார். எங்கள் வீட்டில் ஆறு வருஷமாக நான் ஆறிப்போன டீதான் குடித்தேன். சூடான டம்ளர் பாவாவுக்குப் போய்விடும். அக்கா புருஷன் அல்லவா, மரியாதை.

என் பேர் தணிகாசலம். கே.ஜி.கண்டிகையில் வீடு, திருத்தணி ரயில் ஸ்டேஷன் பக்கம் பழைய இரும்புக்கடை. மூணாவதோடு படிப்பு நின்றது. யார் என்ன சொன்னாலும் தராசில் வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். என் வீட்டுக்காரி கௌரியம்மாள் உப்புப் போட்டேன் என்றாலும், குழம்பை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவேன்.

அக்கா தொண்ணூற்று மூன்றில் செத்துப்போனாள். காரியம் முடிந்ததும் அவள் புருஷன் வரதராஜன் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டாளத்தில் ஒரு மேஜருக்கு ஜீப் ஓட்டியவர். சண்டை எதுவும் பார்த்ததில்லை. மேஜருடைய பிஸ்டலைத் துடைத்திருக்கிறார். பொழுது விடிந்தால் அந்தத் துடைத்த கதைதான்.

கதை இது. அமெரிக்காவில் பிரவுனிங் என்று ஒருத்தன், துப்பாக்கி செய்கிறவன் மகன். அந்த ஊர்ப் பட்டாளத்துக்கு ஒரு பெரிய பிஸ்டல் செய்துகொடுத்தான். தடித் தோட்டா, ஏழு பிடிக்கும். எழுபது வருஷத்துக்கு மேல் அதைத்தான் அவர்கள் இடுப்பில் கட்டினார்கள். வயசான காலத்தில் இன்னொன்றை வரைந்தான். முடிப்பதற்குள் பெல்ஜியத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டான். கூட வேலை பார்த்த ஒருத்தன் முடித்தான். இதில் பதின்மூன்று தோட்டா. மேஜர் வைத்திருந்தது இதுதான். பிரெஞ்சுக்காரன் கேட்டான் என்று இதில் ஒரு பூட்டைச் சேர்த்தார்கள். தோட்டா அடுக்குகிற மேகசினை உருவிவிட்டால், குழலில் ஒன்று தங்கியிருந்தாலும் வெடிக்காது.

இந்த இடம் வந்ததும் பாவா எழுந்து நிற்பார். முருங்கைக்காயோ டார்ச் லைட்டோ, கைக்குக் கிடைத்ததை எடுத்து நெற்றிப்பொட்டில் வைத்துக்கொள்வார்.

"மேஜர் இப்டி வெச்சிக்கினு இழுத்தாரு மச்சான். டிக். அவ்ளோதான். எனக்கு மூத்திரமே வந்துடுச்சி. அந்தாளு சிரிச்சிக்கினு நிக்கிறாரு."

"நேத்தும் டிக்குனுதான சொன்ன பாவா?"

"இரும்பு எட போடறவனுக்கு இன்னாடா தெரியும்."

"அண்ணன் எவ்ளோ ஆசையா சொல்றாரு, கேட்டாதான் இன்னா?" என்பாள் கௌரியம்மாள்.

கேட்டேன், சார். அந்த வீட்டில் அந்தக் கதையை ஒழுங்காகக் கேட்டவன் நான் ஒருத்தன்தான். சொன்னவரே கேட்கவில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் என் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் ஒரு டம்ளர் டீ. போ என்று சொல்ல முடியுமா? அக்கா புருஷனைத் துரத்திவிட்டான் என்று ஊர் காறித் துப்பும். தொண்ணூற்று ஒன்பதில் டிவியில் கார்கில் சண்டை வந்தது. கதை வேளைக்கு ஒரு தடவை ஆனது. சண்டை முடிந்தது. பாவா முடிக்கவில்லை.

அப்போதுதான் மணவூர்ப் பக்கம் இடித்த ஒரு பங்களாவிலிருந்து ஒரு மூட்டை கடைக்கு வந்தது. கீல், ஜன்னல் கம்பி, அடியில் எண்ணெய்த் துணி சுற்றிய ஒரு பிஸ்டல், கொஞ்சம் தோட்டா. உடனே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். அது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பாவா சொல்லிச் சொல்லி, பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தடித் தோட்டா, ஏழுக்கு இடம். அந்தப் பெரியது, மேஜர் துப்பாக்கிக்கு அண்ணன். அப்போது ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனை இல்லை, வெறும் கணக்கு. பிரெஞ்சுக்காரன் பூட்டுக் கேட்டது தம்பித் துப்பாக்கிக்கு. அண்ணன் பிறந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. அப்புறம் அண்ணனுக்கு ஏது பூட்டு?

கணக்கையும் நான் சும்மா நம்புகிறவன் இல்லை. மத்தியானம் ரயில் கூவிக்கொண்டு போகும்போது, மேகசினை உருவிவிட்டு, குழலில் ஒன்றை நிறுத்தி, கடைக்குப் பின்னால் கிடந்த சிமெண்ட் மூட்டையைப் பார்த்து இழுத்தேன். மூட்டை புகைந்தது. நீங்கள் விரல் விட்டுப் பார்த்தீர்களே, அதே மூட்டைதான்.

ஆடிக் கிருத்திகை அன்று கௌரியம்மாள் காவடி எடுத்து மலைக்குப் போனாள். டீ நானே போட்டேன். துணியைப் பிரித்து, டம்ளர் பக்கத்தில் பிஸ்டலை வைத்தேன். மேகசினை அவர் கண் எதிரே தனியாக வைத்தேன். எதையும் ஒளிக்கவில்லை.

பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேய் மச்சான், இது அதுக்கு அண்ணன்டா. ஒரே ஆளு செஞ்சது."

"ஆங். அப்போ இதுலயும் அந்தப் பூட்டு இருக்குமா பாவா?"

"இல்லாம? உனக்கு எத்தினி வாட்டிடா சொல்றது."

எழுந்து நின்றார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

குழலில் ஒன்று நின்றது எனக்குத் தெரியும். நிறுத்தியவனே நான்தான். ஆனால் இழுத்தது அவர். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய டீ அப்படியே சூடாக இருந்தது. வீணாக்கவில்லை.

அமைதிக்காகத்தான், சார். மற்றபடி எனக்கும் துப்பாக்கிப் பேச்சுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. லாக்கப்பில் என்னோடு இருக்கிற சைக்கிள் திருடன் வேறு அறை கேட்கிறானாமே, ஏனென்று தெரியவில்லை. ஏட்டய்யா எதற்கு எழுந்துவிட்டார்? உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பிஸ்டல் பிடிக்குப் பின்னால் ஒரு அழுத்துக் கட்டை உண்டு, இறுக்கிப் பிடித்தால்தான் சுடும். அதை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பாவா மாதிரி இழுக்க மாட்டேன்.

அந்த டார்ச் லைட்டை இப்படிக் கொடுங்கள், எழுந்து நின்று காட்டுகிறேன்.