சனிக்கிழமையோடு ஆறிவிடும் மணிக்கட்டு

ஹலோ... ஹலோ, யாரு, ஹானியாவா? நான் போக்டான்மா... ஆமா, ஆமா, தேசிய பைக் ரேஸ் அணி கோச் போக்டான்தான். வேற எந்த போக்டான் சாப்பாட்டு நேரத்துல போன் பண்ணித் தொல்லை குடுப்பான்... நல்லா இருக்கேன். அது சரி, உன் புருஷன் போனை நீ எடுக்குற, ஐயா எங்க?... தூங்குறானா? பகல் ஒரு மணிக்கா?... ம்... மாத்திரை போட்டுட்டுத் தூங்குறான். சரி. அப்புறம் பின்னால இருமுறது யாரு?... பக்கத்து வீட்டுக்காரரா! அவருக்கும் விதெக் மாதிரியே இருமல் வருதே, அதிசயம்தான். போனை அவன்கிட்ட குடும்மா... உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. குடு.

...

வாப்பா விதெக். எந்திரிச்சுட்டியா?... சரி சரி. கை எப்படி இருக்கு?... ஆமா, வந்துச்சு. டாக்டர் சர்டிபிகேட் காலையிலேயே வந்துருச்சு. அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பேசுறேன்... இரு, படிச்சே காட்டுறேன். ‘இடது மணிக்கட்டு. ஓய்வு தேவை. சனிக்கிழமை வரை வண்டி ஓட்டக் கூடாது.’ சனிக்கிழமை வரை... இல்லப்பா, நான் ஒண்ணும் சொல்லலை. சும்மா ஒரு சந்தேகம். சனிக்கிழமை டென்மார்க்குல உலகக் கோப்பை ஃபைனல். மறுநாள் ஞாயித்துக்கிழமை உங்க லிபோவோ கிளப்புக்கு லீக்ல கடைசி ஆட்டம், தோத்தா கீழ் டிவிஷன். போலந்துக்கு ஓட்டுற நாள் வரைக்கும் வலிக்குது, லிபோவோவுக்கு ஓட்டுற நாள் விடியிறப்ப ஆறிடுது. கேலண்டர் பாத்து ஆறுற மணிக்கட்டை இப்பதான்டா பாக்குறேன்...

டாக்டர்தான் எழுதினாரு, சரி. எந்த டாக்டர்?... பேரு எனக்கும் தெரியும். ஆட்டத்தப்ப லிபோவோ கிளப் மஃப்ளரைக் கழுத்துல சுத்திக்கிட்டு, நீ ஜெயிச்சா மேலயும் கீழயும் குதிக்கிறாரே, அவருதானே?... தப்பா பேசலைப்பா. குதிக்கிறது அவரு இஷ்டம்.

...

விழுந்த, ஆமா, டிவியில பாத்தேன். போன ஞாயிறு, மூணாவது வளைவு. விழுந்து, எந்திரிச்சு, கூட்டத்தைப் பாத்துக் கை காட்டுன. அப்புறம் ரெண்டு ரேஸ் ஓட்டுன, ரெண்டுலயும் முதல்ல வந்த. அதையும்தான் பாத்தேன். ரெண்டு ரேஸ் ஜெயிச்ச கைக்கு, எங்க கூட வரணும்னதும் வலி வந்துருச்சு... சூட்டுல தெரியலையா? ம்... ம்... அப்படியும் நடக்கும். எனக்கும் நடந்திருக்கு... அதான் நம்புறேன்னு சொல்றேனே. நம்பாம என்ன.

அது என்ன சத்தம்?... உன் வீட்டுப் பின்னால, உர்ருன்னு... புல்லு வெட்டுற மிஷினா? விதெக், முப்பது வருஷமா மெத்தனால் எஞ்சினுக்குப் பக்கத்துல நின்னு என் பாதிக் காது போச்சுடா. மீதிக் காதுக்கும் புல்லு மிஷின் எது, ரேஸ் எஞ்சின் எதுன்னு தெரியும்... உன் மெக்கானிக் ஸெனெக் சும்மா ஓட்டிப் பாக்குறானா. ஓய்வுல இருக்கிற ஆளோட வண்டியை. சரி, ஓட்டட்டும். வண்டிக்கு ஓய்வு வேணும்னு சர்டிபிகேட்ல எழுதலையே.

சரி, வண்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது. பின் சக்கரத்துல செயின் மாட்டுற பல்சக்கரம், ஸ்ப்ராக்கெட் ஏதாவது ஆர்டர் பண்ணியா?... இல்லையா?... ஒண்ணும் இல்லையா? நல்லா யோசி... இல்ல. சரி. நேத்து நம்ம அணி எஞ்சின் விஷயமா ஜெர்மனிக்கு, ஹோல்கருக்குப் போன் பண்ணேன். மனுஷனுக்கு உலக விவகாரம் ஒண்ணும் தெரியாது பாரு. எல்லாம் பேசி முடிச்சுட்டு, ‘விதெக்கோட அறுபத்தோரு பல்லு ஸ்ப்ராக்கெட் ரெண்டும் கூரியர்ல போட்டுட்டேன், வெள்ளிக்கிழமை வந்துரும்னு சொல்லிடுங்க’ங்கிறான்... ஒண்ணும் ஆர்டர் பண்ணலைன்னியே?

அறுபத்தொண்ணு! டென்மார்க் டிராக்குக்கு அம்பத்தெட்டு போதும். உலகத்துல எந்த டிராக்ல அறுபத்தோரு பல்லு போட்டு ஓட்டுறோம், நீயே சொல்லு... சொல்லேன்டா. ஒரே இடம்தான், உங்க லிபோவோ. பாவாடை நாடா மாதிரி சுருக்கி வச்ச வளைவு. எல்லாருக்கும் எஞ்சின் பண்ணிக் குடுக்கிற அதே ஆள்கிட்ட ஆர்டரைக் குடுத்துட்டு எங்கிட்ட கதை விடுறீங்களே, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் திருடக்கூட வராது!

...

...என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு... கை நல்லாத்தான் இருக்கா... சர்டிபிகேட் சும்மா வாங்கினதா... ம்.

சரி. கடைசியில ஒத்துக்கிட்ட. ரொம்ப சந்தோஷம். என் வயிறு எரியுதுடா விதெக். நாலு வருஷமா உன்னை நம்பித்தான் டீமே போடுறேன். நீ இல்லாம போனா டென்மார்க்காரன் எங்களை மென்னு துப்பிருவான். அது உனக்குத் தெரியும். போலந்தோட வெள்ளைக் கழுகு போட்ட ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு, கீதம் பாடுறப்ப கண்ணுல தண்ணி விட்டது நீதானே? அது யாருக்கு விட்ட தண்ணி?... ஆமா, தெரியும். லிபோவோதான் உன்னை வளர்த்துச்சு. பன்னெண்டு வயசுல இரவல் பூட்ஸ் குடுத்து ஏத்திவிட்டது அந்த கிளப்தான், சரி... கீழ இறங்குனா கிளப்பை மூடிருவாங்க, ஸ்டேடியத்தை இடிச்சு கிடங்கு கட்டுவாங்க, தெரியும்... எனக்கா சொல்ற? நானும் லிபோவோக்காரன்தான்டா. எங்க அம்மா இன்னைக்கும் ரெண்டாவது வளைவுல போய் உக்காந்து, புரோகிராம் தாள்ல ஒவ்வொரு ரேஸுக்கும் பாயிண்ட் எழுதுறவ. எனக்கு இல்லாத லிபோவோவா உனக்கு? ஆனா நான் பொய் சர்டிபிகேட் வாங்கலையே...

இரு. இரு, இரு. ஒரு நிமிஷம் பேசாத.

நீ இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிற ஆளே இல்லையே... இல்ல, எனக்கு உன்னைத் தெரியும். ஸ்டார்ட் ஆகுறதுக்கு முன்னாடியே டேப்பைத் தொட்டன்னு ரெஃப்ரி வெளிய அனுப்பினா, வீடியோ போட்டுக் காட்டினாக்கூட இல்லவே இல்லைன்னு சாதிக்கிறவன் நீ. ஒரு ஸ்ப்ராக்கெட்டைச் சொன்னதும், ‘ஆமா சார், நான் பொய்யன்’னு படுத்துட்டியே. பொய்யன்னு பேரு வாங்க யாராவது இவ்வளவு ஆசைப்படுவாங்களா? அதுக்குப் பின்னால வேற எதை ஒளிக்கிற?... ஒண்ணும் இல்லையா. சரி, ஒண்ணும் இல்லைன்னா ஒரு சின்ன வேலை செய். போன் எந்தக் கையில இருக்கு?... வலது. அதை இடது கைக்கு மாத்து... ஏன்னு கேக்காத, மாத்து... கைதான் நல்லா இருக்குன்னு இப்ப சொன்னியே! கேள்வி கேக்குறவரைக்கும் நல்லா இருக்கிற கையா? மாத்துடா... இடது கைக்கு என்ன வேலை, சூப் கரண்டியா பிடிச்சிருக்க? கீழ வை. மாத்து... மாத்திட்டியா?... இடது காதுல வச்சிருக்கியா?... சரி, அப்படியே வச்சுக்க. இப்ப நான் சொல்றதைக் கேளு, டென்மார்க்குக்கு வண்டி நாளைக்குக் காலையில...

என்ன அது? என்ன விழுந்துச்சு?... ஹலோ!... ஹலோ, விதெக்!... விதெக்!

...

ஹானியாவா? என்னம்மா ஆச்சு, கண்ணாடி உடைஞ்ச மாதிரி... தட்டு மேல விழுந்துச்சா போனு?... ம்... அவன் என்ன பண்றான்?... குனிஞ்சு பொறுக்குறானா? எந்தக் கையால?... வலது கையால. ஹானியா, எங்கிட்ட உள்ளதைச் சொல்லு... இல்லம்மா, சமாளிக்காத. பக்கத்து வீட்டுக்காரருன்னு சொன்ன பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு உனக்குப் பொய் வராதுன்னு... சட்டைப் பொத்தான் யாரு போட்டுவிடுறா?... நீதான். எத்தனை நாளா?... ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. கட்டைவிரல்?... கட்டைவிரலும் பக்கத்துல உள்ளதும் உணர்ச்சியே இல்ல. ஊசியால குத்தினாலும் தெரியலை. ஐயோ... மத்த விரலு அசையுதா?... சரி. அழாதம்மா. அழாத.

அப்ப சர்டிபிகேட் உண்மைதான். தேதி மட்டும்தான் பொய்... அதை விட மோசமா? ஆறு வாரம் ஓய்வா!... பெரிய ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்ததை எங்க வச்சிருக்கான்?... சரி. இதோட ஞாயித்துக்கிழமை எப்படி ஓட்டுறதா உத்தேசம்? ஹேண்டில் பாரைப் பிடிக்கவே முடியாதே... என்ன? தெளிவாச் சொல்லு... ஸெனெக் என்ன செஞ்சு குடுத்திருக்கான்?... பெல்ட்டா?

கையை ஹேண்டிலோட சேர்த்துக் கட்டுறதுக்கா?

...

ஹானியா, போனை அவன்கிட்ட குடு. வலது கையில குடு.

டேய். டேய் விதெக்... வாயை மூடு, நான் பேசுறேன். கையைக் கட்டிக்கிட்டா ஓட்டப் போற? அந்த வண்டியில பிரேக் இல்லைடா! நாலு பேரு தோளோட தோள் உரசிக்கிட்டு நூறு கிலோமீட்டர் வேகத்துல வளைவுக்குள்ள போறீங்க. விழுந்தா முதல்ல என்ன செய்யணும்னு சொல்லிக் குடுத்தாங்க?... சொல்லு... வண்டியை விட்டுரணும். விட்டுட்டு உருளணும். அப்படி உருண்டதாலதான் போன ஞாயிறு எந்திரிச்சுக் கை காட்டுன. கட்டி வச்சா எப்படிடா விடுவ? வண்டி வேலியில போய் அடிக்கிறப்ப நீயும்தான் கூடப் போய் அடிப்ப!... இழுத்தா அவுந்துருமா? யாரு சொன்னா, ஸெனெக்கா? நிக்கிற வண்டியில இழுத்துப் பாத்திருப்பான். விழுற வண்டியில இழுக்கிறதுக்கு உனக்கு இன்னொரு கை எங்க, அது ஆக்ஸிலரேட்டர்ல இருக்கு!

...

தெரியும். தெரியும். கிளப்புக்கு நீதான்... கேளு. முழு சர்டிபிகேட்டைக் குடுத்தா, உன் ரேஸை மத்தவங்க பிரிச்சு ஓட்டிக்கலாம்னு விதி இருக்கே... ஜெயிக்க மாட்டாங்க. ஆமா. அனேகமா ஜெயிக்க மாட்டாங்க. நான் உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்.

இல்லடா, டென்மார்க்கும் வேணாம். உன் பேரை இப்பவே அடிச்சுட்டேன். இந்தா, சத்தம் கேக்குதா, பேனாதான்... சனிக்கிழமை என் பாடு திண்டாட்டம், அது கிடக்கட்டும். அடுத்து நான் யாருக்குப் போன் போடப் போறேன்னு தெரியுமா? லீக்கோட தலைமை டாக்டருக்கு. பெல்ட்டு உட்பட எல்லாத்தையும் சொல்லப் போறேன்... சொல்லத்தான் போறேன். ஞாயித்துக்கிழமை உன்னை வண்டிகிட்டயே அண்ட விட மாட்டாங்க...

என்ன சொன்ன?... எனக்கு ஓட்டலைங்கிறதுக்காகப் பழி வாங்குறேன்னா? ம்... ம்... நாட்டுக்கு வராதவன் ஊருக்கும் ஓட்டக் கூடாதுன்னு... ஆமா. அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. பேப்பர்ல எழுதுவாங்க. எங்க அம்மாவே நம்பினாலும் நம்புவா. மத்தியானம் ஒரு மணிக்கு இந்தப் போனைப் போட்டப்ப நான் அப்படித்தான்டா இருந்தேன், ஒத்துக்கிறேன். எப்படியாவது உன்னை மாட்டிவிட்டு வண்டியில ஏத்தணும்னுதான் கூப்பிட்டேன். இப்ப இறக்கிவிட வேண்டியிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?...

துரோகின்னு சொல்லு. சொல்லு, இன்னும் சத்தமா... ஆமா... ஆமா... லிபோவோவைக் கவுத்தவன், ஆமா. அழுறியா?... அழு. பரவாயில்ல, அழு. எனக்கும் அது என் கிளப்புதான்.

ஞாயித்துக்கிழமை தோத்தா ஸ்டேடியமே என் பேரைச் சொல்லித் திட்டிப் பாடும். நீயும் போ. கையில கட்டோட, எங்க அம்மா பக்கத்துல இடம் பிடிச்சு நில்லு, கூடச் சேர்ந்து திட்டு... நெசமாத்தான் சொல்றேன். எவ்வளவு வேணாலும் திட்டு. ரெண்டு கால்ல நின்னுக்கிட்டுத் திட்டுடா, விதெக், அது போதும் எனக்கு...

இல்ல, யோசிக்க ஒண்ணும் இல்ல. டாக்டர் நம்பர் கையில இருக்கு. வைக்கிறேன்.