ஓரம் கறுக்கும் லென்ஸ்

பழைய பத்திரிகைகளை வெயிலில் காயவைக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. நனைந்துவிட்டதே என்று மொட்டைமாடியில் பரப்பிவிடுவார்கள். தாள் நெளிந்து, பழுத்து, தொட்டால் நொறுங்கும். நிழலில், மின்விசிறிக்கு எதிரே, பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து உலர்த்த வேண்டும். உங்கள் ஆட்கள் என் வீட்டிலிருந்து மருந்துக் குப்பிகளோடு ஸ்டேஷனுக்கு அள்ளிக்கொண்டு வந்த கட்டுகளில் இரண்டு மழையில் நனைந்திருக்கின்றன. அதை மட்டும் யாரிடமாவது சொல்லிவையுங்கள். மற்றபடி எனக்குக் குறை ஒன்றுமில்லை அம்மா. உட்கார நாற்காலி கொடுத்தீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். நேற்று வாயால் சொன்னதை இன்று எழுதிக்கொள்ளப் போவதாகச் சொன்னீர்கள். திரும்பச் சொல்கிறேன். முடித்துவிட்டால் கொஞ்சம் தூங்கலாம்.

என் தொழில் கேமரா பழுது பார்ப்பது. ஃபிலிம் போடுகிற கேமராக்கள். அண்ணன் ஸ்டூடியோ வைத்திருந்தார். முன்னறையில் அவர் படம் எடுப்பார், பின்னால் ஜன்னலோரத்தில் என் மேசை. முப்பத்தொரு வருடம். கடைக்கு வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியாது, திருப்புளி என்றால் தெரியும். அந்தப் பெயரை வைத்தவர் அண்ணன். "உள்ள திருப்புளி இருக்கான், அவன்கிட்ட குடுங்க" என்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. கையில் எந்நேரமும் அந்த ஸ்க்ரூ டிரைவர்தானே இருந்தது.

ஸ்டூடியோவுக்கு ஒரு புகைப்பட மாத இதழ் வந்துகொண்டிருந்தது. அண்ணன் படங்களை மட்டும் புரட்டிவிட்டு என் மேசையில் போட்டுவிடுவார். மிச்சத்தை நான் படிப்பேன். எந்த லென்ஸ் முழுத் திறப்பில் எவ்வளவு கூர்மை, எந்த ஷட்டர் வயதானால் தாமதிக்கும், லென்ஸுக்குள் பூஞ்சை வராமல் எப்படிப் பாதுகாப்பது, வாசகர் கேள்விகள், கடைசிப் பக்கத்து விற்பனை விளம்பரங்கள் வரை ஒன்று விடமாட்டேன். இருபத்தாறு வருடத்து இதழ்கள் என் இரும்பு அலமாரியில் வரிசையாக இருந்தன. படித்ததை அண்ணனிடம் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் சிரிப்பார். "டேய், மிஷினப் பத்தி உனக்கு எல்லாம் தெரியும். பாக்கத்தான் தெரியாது." நல்ல மனசோடு சொல்வதுதான். எல்லார் முன்னாலும் சொல்வார்.

ஸ்டூடியோவை மூடினோம். அண்ணி போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இரண்டு அறை இருந்தது. அவர் மகள் வேறு ஊரிலிருந்து வந்து, "அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன் சித்தப்பா" என்றாள். அவள் வீட்டுக்கு மூன்று மாடி ஏற முடியாது என்று அவர்தான் மறுத்துவிட்டார்.

வந்த இரண்டாம் வருடம் கண் கெட ஆரம்பித்தது. ஒருநாள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு நின்றவர், "உன் பழைய லென்ஸ் மாதிரி ஓரமெல்லாம் கறுப்பா வருதுடா" என்றார். சில பழைய லென்ஸ்களை முழுதாகத் திறந்து வைத்தால் படத்தின் நான்கு மூலையும் இருண்டுபோகும். அதைச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள் கண் டாக்டரம்மா. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். வலது கண்ணில் ஓர் அறுவை. அதன்பிறகு காலையும் மாலையும் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து, ஆயுள் முழுக்க. "வேளை தவறாம போட்டீங்கன்னா கடைசி வரைக்கும் அவரே பேப்பர் படிப்பார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.

அறுவைக்குப் பிறகு பதினைந்து நாள் குனியக் கூடாது, படிக்கக் கூடாது. இரண்டாம் நாள் சாயங்காலம் நான்கு மணி இருக்கும். "சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிக்குதுடா. ஏதாவது படி" என்றார். நான் அலமாரியைத் திறந்து முதல் வருடத்து முதல் இதழை எடுத்தேன். மடித்தால் சட்டைப்பையில் அடங்கும் ஒரு கேமராவைப் பற்றிய கட்டுரை. பாதியில் கையை உயர்த்தினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அந்த ஷட்டருக்கு ஏன்டா அவ்வளவு சின்ன ஸ்பிரிங் வெச்சான்?"

நான் சொன்னேன். அரைமணி நேரம் சொன்னேன். அறுபத்திரண்டு வயதில், முதல் தடவையாக, என் அண்ணன் என்னை ஒன்று கேட்டுவிட்டு பதில் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் மூன்றரைக்கே, "எங்கடா விட்டோம்?" என்றார்.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றி வேறென்ன சொல்ல. எழுதிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. படித்தேன், கேட்டார்.

பதினாறாம் நாள் தடை நீங்கியது. அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, என் கையிலிருந்த இதழை வாங்கி, படப் பக்கங்களாகப் பார்த்துப் புரட்ட ஆரம்பித்தார். "நீ போய் உன் வேலையப் பாரு. நானே பாத்துக்கறேன்" என்றார். லென்ஸ் பூச்சு பற்றிய தொடர் ஒன்றில் முதல் பாகம்தான் முடித்திருந்தோம். இரண்டாம் பாகத்தை அவர் அப்படியே தாண்டிப் போனார்.

மறுநாள் காலை மருந்தை மாற்றினேன்.

குப்பியின் வாய்ப்பகுதியைக் கழற்றுவது சுலபமில்லை என்று உங்கள் நிபுணர் சொன்னாராம். லென்ஸ் வளையம் கழற்றிப் பழகினவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். வெறும் தண்ணீர் என்று எழுதாதீர்கள். இருபது நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, சுத்தமான துணியில் வடிகட்டிய தண்ணீர். பதினான்கு மாதத்தில் ஒருநாள்கூட அவர் கண் சிவந்ததில்லை. வேளை தவறியதும் இல்லை. காலையில் ஏழு, மாலையில் ஏழு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நானே போடுவேன்.

இரண்டாம் நாளே அண்ணன் சொன்னார், "மருந்து இப்ப எரியலையேடா."

"கண்ணு பழகிடுச்சுண்ணே."

"அப்படியா? நல்லதுதான்" என்றார்.

நான் நினைத்தது இன்னும் ஒரு பதினைந்து நாள். அந்தத் தொடரை முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் கண் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. நான்காம் மாதம்தான் இதழை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "எழுத்து பிடிபடலடா. நீயே படி." அதற்குள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. டாக்டரம்மா அழுத்தத்தை அளந்துவிட்டு, "மருந்து ஏன் கேக்கலைன்னே தெரியல" என்று வருத்தப்பட்டு இன்னொரு குப்பி எழுதிக்கொடுத்தார்கள். அதையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் சரியாக வராது.

அண்ணன் கஷ்டப்பட்டாரா என்று கேட்டீர்கள். ஒருமுறை குளியலறையில் விழுந்தார். அதன்பிறகு நானே கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். ஒன்பதாம் மாதம் அவர் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். அண்ணன் பேத்தியை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். முகத்தை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் ஊரிலுள்ள குழந்தைகளை எல்லாம் படம் எடுத்தவர். கொஞ்ச நேரம் கழித்து, "திருப்புளி, எப்படிடா இருக்கா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் போய் விவரமாகச் சொன்னேன். மூக்கு அண்ணியுடையது, இடது காதோரம் ஒரு மச்சம், சிரித்தால் ஒரு கன்னத்தில்தான் குழி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். யாரும் குறை சொல்ல முடியாதபடி சொன்னேன். அந்தப் பெண்கூட அழுதுகொண்டே, "நீங்க இல்லேன்னா அப்பா என்ன பண்ணுவார் சித்தப்பா" என்றாள்.

அன்றைக்கு நிறுத்திவிடலாம் என்று தோன்றியது உண்மைதான். ஆனால் போன பார்வை திரும்பாது என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்கள். நிறுத்தி யாருக்கு என்ன லாபம்? தவிர, நான் அவர் கண்ணைத் தொடவே இல்லை. அழுத்தம் அவருடையது. நான் அதன் போக்கில் விட்டேன்.

போன மாதம் மகள் அவரைப் பத்து நாள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். நான் இரண்டு குப்பிகளையும் நிரப்பிக் கொடுத்துதான் அனுப்பினேன். அங்கே ஒன்று கைதவறி உடைந்துவிட்டது. கடையில் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறாள். அண்ணன் கண்ணைப் பொத்திக்கொண்டு, "எரியுதும்மா" என்றாராம். அவள் என்னைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, மருந்து எரியுதுன்னு அப்பா சொல்றார். டாக்டர்கிட்ட கேட்டா, எரியத்தான் செய்யும்கறாங்க. அங்க ஏன் எரியல?"

பழக்கம் விட்டிருக்கும் என்றேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். மிச்சமிருந்த குப்பியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டாள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. யோசித்துத்தான் செய்திருக்கிறாள். எனக்கும் சோர்வாக இருந்தது. தினமும் தண்ணீர் கொதிக்கவைப்பது லேசுப்பட்ட வேலையில்லை.

இதழில் இல்லாததைப் படித்தேனா என்று கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை, அப்படி நீங்கள் சொல்வதாக இருந்தால்.

அவர் மகள் வீட்டுக்குப் போவதற்கு முந்தின வாரம் பதினெட்டாம் வருடத்து ஆண்டுப் போட்டி இதழுக்கு வந்திருந்தோம். அந்த வருடம் முதல் பரிசு அண்ணனுக்கு. மழை நின்ற தெருவில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் மனிதர். அண்ணன் பெயரை நன்றாக உரக்கப் படித்தேன், அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்குத் தெரியாமல் அதே போட்டிக்கு நானும் ஒன்று அனுப்பியிருந்தேன். என் மேசைமேல் பிரித்துப்போட்ட ஷட்டரின் பற்சக்கரங்கள், ஜன்னல் வெளிச்சத்தில். பரிசுகளுக்குக் கீழே பாராட்டுக்குரியவர்கள் என்று இருபது பெயர்கள் இருந்தன. பதினொன்றாவது பெயருக்குப் பிறகு என் பெயரைப் படித்தேன். திருப்புளி இல்லை, என் முழுப்பெயர். 'பார்க்கத் தெரிந்த கண்' என்று நடுவர் எழுதிய ஒரு வரியையும் படித்தேன். பிறகு பன்னிரண்டாவது பெயர்.

அண்ணன் இருபதையும் கேட்டு முடித்தார். பிறகு கையை நீட்டித் துழாவினார். என் மணிக்கட்டு அகப்பட்டதும் பிடித்துக்கொண்டார்.

"ஆமாடா. எனக்கு ஞாபகம் இருக்கு. நல்ல படம். அப்பவே சொல்லணும்னு நெனச்சேன், விட்டுப்போச்சு."

நேற்று நீங்கள் அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்து, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திக் காட்டி, என் பெயர் இல்லை என்றீர்கள். அந்த இதழில் அச்சுப்பிழைகள் உண்டு, எத்தனையோ தடவை கடிதம் போட்டிருக்கிறேன். என் வார்த்தையை நீங்கள் நம்ப வேண்டாம் அம்மா. கண்ணால் பார்த்தவர் அண்ணன், அவரையே கேளுங்கள்.