ஜலகண்டாபுரத்து மூன்றாம் பிரதி

கரண்ட் இப்போதைக்கு வராது, நெருங்கி உட்காருங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கேளுங்கள். இது நடந்தது பட்டப்பகலில்... என் சிநேகிதி ஜோதியின் நாத்தனார் தனப்பிரியாவுக்கு.

உச்சி வேளை. தாரமங்கலத்திலிருந்து ஜலகண்டாபுரம் போகிற சாலை. ஆள் இல்லை, மாடு இல்லை... அன்றைக்கு மின்தடை என்பதால் தறிச் சத்தம்கூட இல்லை. தனப்பிரியாவின் ஸ்கூட்டர் மட்டும் பறந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய மகள் மதுமதி ஆபரேஷனுக்குக் காத்துக் கிடந்தாள். ஆறு வயசு. தலைக்குள் ஒரு கட்டி. போன வருஷம் எடுத்த ஸ்கேன் படத்தைப் பார்த்தால்தான் கட்டி எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது என்று தெரியும், அது இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் படத்தை எடுக்க வைத்தவன் அவள் புருஷன் சிவக்குமார். திருச்செங்கோடு, மோகனூர், ஜலகண்டாபுரம் என்று மூன்று ஊரில் கிளை வைத்திருந்த ஒரு ஸ்கேன் சென்டரில் இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று ஊர் மெஷினிலும் ஒவ்வொரு பிரதி இருக்கும். ஒரு மெஷின் செத்தாலும் மற்றது கொடுத்துவிடும்.

போன ஐப்பசியில் ஜலகண்டாபுரம் கிளையில் ஒயர் தீப்பிடித்தது. புகையில் மூச்சு முட்டி சிவக்குமார் போய்ச் சேர்ந்தான். கிளையைப் பூட்டினார்கள். அப்போது அந்தப் பிரதிகளைப் பார்த்துக்கொள்கிற மென்பொருள் தனப்பிரியாவிடம் கேட்டது: மூன்றாவது மெஷின் ஒரேயடியாகப் போய்விட்டதா, திரும்பி வருமா? ‘போய்விட்டது’ என்று அழுத்தினால், வேறு இடத்தில் புதுப் பிரதி எடுத்து மறுபடி மூன்றாக்கிக்கொள்ளும். ‘திரும்பி வரும்’ என்றால்... காத்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. கடைசி நாள் காலையில் அவனும் மகள் கன்னத்தைத் தட்டி, “போயிட்டு வாரேன் சாமி” என்றுதான் கிளம்பினான். அவன் கை பட்ட மெஷினைப் போய்விட்டது என்று சொல்ல அவளுக்கு நாக்கும் வரவில்லை, விரலும் வரவில்லை. ‘திரும்பி வரும்’ என்று அழுத்திவிட்டாள். படித்தவள்தான், வேலை தெரிந்தவள்தான்... மனசு கேட்டால்தானே?

மென்பொருளும் சொன்ன சொல்லை நம்பிக் காத்திருந்தது. ஆபரேஷன் அன்று காலையில் மோகனூர் டிஸ்க் செத்தது. திருச்செங்கோட்டுப் பிரதியைத் திறந்தால் பாதிப் படம் கறுப்பு. புதுப் பிரதி எடுத்து வைக்கவே இல்லை. என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று புலம்பிக்கொண்டேதான் வண்டியை விரட்டினாள்.

பூட்டைத் திறந்தாள். கருகிய ஒயர் வாடை... இத்தனை மாதம் கழித்தும் அப்படியே. மெஷின் மூலையில் கிடந்தது. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஓடலாம் என்று வந்தவள் கையை வைத்துப் பார்த்தாள். எல்லாம் உருகி ஒன்றாக ஒட்டியிருந்தது. அப்படியே தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க... வாரேன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போனீங்க? பாப்பாவுக்காக ஒருக்கா வாங்க...”

பிறகு... டக். உள்ளே விசிறி சுழல்கிற சத்தம். விர்ர்ர்... பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. அதே நேரம் அவள் போன் அடித்தது. திருச்செங்கோட்டுக் கிளையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அறிவுமதி கத்தினாள்.

“அக்கா, மூணாவது மெஷின் வந்துருச்சுங்க! படம் முழுசாத் தெறந்துருச்சு, டாக்டருக்கு அனுப்பிப்போட்டேன்!”

தனப்பிரியா கீழே பார்த்தாள். மெஷினின் ஒயர் எரிந்து பாதியில் அறுந்து கிடந்தது. ஊருக்கே கரண்ட் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தப் பழைய படத்தின் ஓரத்தில் நான்கு விரல் எலும்புகள் தெரியும், ஒன்றில் மோதிரம். மகள் அசையாமல் இருக்க அன்று சிவக்குமார் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் புதுப் படம் எடுத்தார்கள். பிள்ளை மயக்கத்தில் கிடந்தாள், அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் படத்தின் ஓரத்தில் அதே விரல்கள்... அதே மோதிரம். அந்த மோதிரம் தனப்பிரியாவின் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது.

அதற்கடுத்த நாள் இன்னொரு படம். விரல்கள் இப்போது நெற்றியில் இல்லை. ஒரு சின்னக் கையைக் கோத்துப் பிடித்திருந்தன. தலையை எடுத்த படத்தில் பிள்ளையின் கை எப்படி வந்தது? யாருக்கும் தெரியவில்லை.

தனப்பிரியாவுக்குப் புரிந்துவிட்டது. மகளின் கட்டிலருகே லேப்டாப்பைத் திறந்து, ‘போய்விட்டது’ என்று அழுத்தினாள். ஏற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். “ஐயோ, போயிருங்க, எம் பிள்ளைய உட்டுப்போட்டுப் போயிருங்க” என்று கதறிக்கொண்டே அழுத்தினாள். திரையில் ஒரே பதில்தான்: மூன்றாவது மெஷின் வேலையில் இருக்கிறது, நீக்க முடியாது.

கட்டிலில் மதுமதி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். கருகிய ஒயர் வாடை அடித்தது... பிள்ளை மெதுவாக அம்மா பக்கம் தலையைத் திருப்பினாள்.

“அம்மா... போயிட்டு வாரேன்.”