தம்பியின் அடையாள அட்டை

எனக்கு முதுகுவலி இருந்தது உண்மை, இன்ஸ்பெக்டர் ஐயா. பரந்தன் சந்தியில் பன்னிரண்டு வருடமாகச் சீமெந்துப் பை ஏற்றி இறக்குகிற கடைக்காரனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?

வவுனியாவில் ஒரு மசாஜ் நிலையம் இருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் மூலிகைப் படம் மாட்டியிருந்தது. உள்ளே மூலிகை எதுவும் இல்லை. முதல் நாளே எனக்கு அது விளங்கிவிட்டது. ஆனாலும் தவறாமல் போனேன். வைத்தியத்தை இடையில் நிறுத்தக்கூடாது என்பார்கள்.

முதல் தரம் அங்கே பொலிஸில் பிடிபட்டபோது என் சொந்தப் பெயரைத்தான் கொடுத்தேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டு வெளியே வந்தேன். லோயர் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

“அண்ணை, முதல் தரம் எண்டபடியால் தண்டத்தோட போச்சு. திரும்பப் பிடிபட்டியளோ, மறியல்தான், சிறைக்குள்ள இருக்க வேண்டிவரும்.”

நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். இனிப் பிடிபடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். போகக்கூடாது என்று அவர் சொல்லவும் இல்லை, நான் நினைக்கவும் இல்லை.

தம்பி சுமன் தர்மபுரத்தில் வயல் செய்கிறவன். உரமானியப் படிவம் நிரப்புவதற்காக அவனுடைய அடையாள அட்டை என் கடையில் கிடந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. எப்படியும் அந்த அட்டைப் படத்தில் எல்லோரும் கோழி களவெடுத்தவன் மாதிரித்தான் இருக்கிறோம். அடுத்த சுற்றிவளைப்பில் அதை நீட்டினேன்.

“சுமனோ?”

“ஓம், சேர்.”

சுமனுக்கு அது முதல் தரம். தண்டத்தோடு போயிற்று. அதை நானே கட்டினேன், அவனைக் கஷ்டப்படுத்தவில்லை. உள்ளே இருந்த பெண்களை மறியலுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களிடம் தங்கச்சிமாரின் அட்டை இல்லைப் போலும்.

எனக்கு மூன்றாந் தரம் வந்தபோது சுமனுக்கு இரண்டாந் தரமாகிவிட்டது. பிணையில் விட்டு, வழக்குத் தவணைக்கு வரச் சொன்னார்கள். போனால் மறியல் என்று தெரிந்துகொண்டு யாராவது போவார்களா? அட்டையை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பிடியாணை தர்மபுரத்துக்குப் போயிற்று.

சுமனின் கலியாணப் பதிவு எழுத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. வரம்பு வெட்டிக்கொண்டிருந்தவனைச் சேற்றுக் காலோடு ஜீப்பில் ஏற்றினார்கள். பெண், முன்பள்ளி ஆசிரியை சிவரூபி, என்னிடம்தான் வந்து அழுதா.

“அண்ணை, பிள்ளையளின்ர தாய்மாருக்கு நான் என்ன முகத்தைக் காட்டுறது?”

அவா கேட்டது நியாயமாகப் பட்டது. கலியாணத்தை நிற்பாட்டச் சொன்னேன்.

தம்பியைப் பிடித்த பொலிஸ்காரர் வேறு ஆள். முன்பு என்னைப் பிடித்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். வழக்கில் சுமன் ஒன்றையே சொன்னான். “அட்டை அண்ணையின்ர கடையில கிடந்தது, ஐயா. ஆரோ எடுத்துப் பாவிச்சிருக்கினம்.”

அட்டை உன் கடையில் கிடந்ததா என்று நீதவான் என்னைக் கேட்டார். ஓம் என்று ஒரு சொல் போதும், அவன் வீட்டுக்குப் போயிருப்பான். பிறகு அந்த ‘ஆரோ’ யார் என்று தேடுவார்கள். எனக்குக் கடை இருக்கிறது, வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள், கோயில் நிர்வாகத்தில் பொறுப்பு இருக்கிறது.

“இல்லை ஐயா. வருசத் துவக்கத்திலேயே அட்டையை அவனிட்டைக் குடுத்திட்டன்,” என்றேன்.

சுமனின் இடக்கையில் இரண்டு விரல் இல்லை. ஷெல்லடியில் போனவை. சிறைச்சாலையில் கைரேகை எடுத்தவர், முன்பு பிடிபட்டபோது சுமன் என்ற பெயரில் எடுத்த பழைய தாளில் பத்து விரலும் பதிந்திருப்பதைப் பார்த்தாராம். அதனால்தானே இன்றைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். மறுக்கவில்லை. அந்தப் பத்தும் என் விரல்கள்தான்.

ஆனால் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். போன கிழமையும் அவனைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நின்றான்.

“அண்ணை, நீங்கள் அண்டைக்கு மறந்துபோய்ச் சொல்லியிருப்பியள். அது பரவாயில்லை. நான் அங்க போகேல்லை எண்டு நீங்களாவது நம்புறியளோ?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “நம்புறன்ரா,” என்றேன்.

பெற்ற தாய் அவனை நம்பவில்லை. கட்டிக்கொள்ள இருந்தவளும் நம்பவில்லை. உலகத்தில் அவனை முழுதாக நம்பிய ஒரே ஆள் நான்தான், ஐயா.